ஒற்றைத் தலைவலியும் உணவொழுக்கமும்: ஒரு வரலாற்று நோக்கு

தலையின் ஒரு பாதியைப் பற்றி வருத்தும் நோய்க்கு மூன்று மொழியினர் இட்ட பெயர்கள் ஒரு பொருளையே உணர்த்துகின்றன. வடமொழியார் அதனை 'அர்த்தாவபேதகம்' என்பர். பாதியைப் பிளப்பது என்பது அதன் பொருள். கி.பி. 2ஆம் நூற்றாண்டினராகிய கேலன் வழங்கிய 'எமிக்கிரானியா' என்னும் கிரேக்கச் சொல் 'பாதி மண்டையோடு' எனப் பொருள்படும். அதன் சிதைவே 'மைக்ரேன்'. தமிழில் ஒற்றைத் தலைவலி என்கிறோம். பெயரில் ஒற்றுமை காணப்படினும், நோயின் காரணம் கூறுமிடத்து நூலோர் வேறுபடுகின்றனர். அவ்வேறுபாட்டை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திருடபலரால் நிறைவு செய்யப்பெற்ற சரக சங்கிதையின் சித்தித்தானப் பகுதி, இந்நோய்க்குரிய காரணங்களைத் தொகுத்துரைக்கின்றது. நெய்ப்பற்ற உணவு, மிகையாக உண்ணல், முன்னுண்டது செரியாமுன் மீண்டும் உண்ணல், கீழ்காற்று, பனி, புணர்ச்சி, இயற்கை வேகங்களை அடக்கல், மிகு உழைப்பு என்பன அவை. இவற்றுள் 'இன்னதை உண்ணற்க' என்னும் விலக்கு ஒன்றே. ஏனையவற்றுட் பல உண்ணும் முறையையும் வாழும் முறையையும் பற்றியனவாதல் கருதத்தக்கது.

இலண்டன் மருத்துவர் ஜான் பாதர்கில் (1712–1780) எழுதிய கட்டுரை அவர் மறைவுக்குப் பின் 1784இல் வெளிவந்தது. உணவில் கருத்தின்மையே நோய்க்கு மூலம் என்று துணிந்த அவர், உருக்கிய வெண்ணெய், கொழுப்புமிக்க ஊன், காரப்பொருள்கள் ஆகியவற்றைக் கடிந்தார். ஈண்டு ஆராய்ச்சி, உண்ணும் முறையினின்று உண்ணப்படும் பொருளை நோக்கி நகர்கின்றது. நோயுற்றாரே நோய்க்குப் பொறுப்பாளர் என்னும் குறிப்பும் உடன் தோன்றுகின்றது.

இருபதாம் நூற்றாண்டில் இக்கொள்கை வேதியியற் சான்று நாடியது. மனச்சோர்வுக்கான ஒருவகை மருந்துண்டோர் பாலாடைக்கட்டி உண்டபின் இரத்த அழுத்தம் மிகுந்து கடுந்தலைவலியுற்றதை 1963இல் பிளாக்வெல் விளக்கினார். அக்கட்டியிலுள்ள தைரமினே ஒற்றைத் தலைவலியையும் எழுப்புகின்றதென 1967இல் ஏனிங்டன் முன்மொழிந்தார். பின்வந்த ஆய்வுகளின் முடிவுகளோ தம்முள் ஒத்திலா.

ஈண்டு ஒரு தடை எழுகின்றது. வலி தோன்றுவதற்குச் சில மணி நேரம் முன்னரே, சிலர்க்குக் கொட்டாவி, கழுத்திறுக்கம், இனிப்பின்மேல் வேட்கை முதலியன தோன்றுகின்றன. அம்முன்னிலையில் மூளையின் ஐப்போதாலமசுப் பகுதி செயல்மிகுவதை 2014இல் வெளிவந்த படிம ஆய்வொன்று காட்டிற்று. ஆகவே சாக்கலேட்டு உண்டமையால் வலி வந்தது எனக் கருதப்படுவதில், வலி தொடங்கிவிட்டமையாலேயே சாக்கலேட்டில் வேட்கை பிறந்திருத்தலும் கூடும். காரியத்தைக் காரணமாகக் கொள்ளும் மயக்கம் இது. இம்மயக்கத்தால் நோயாளர் பல உணவுகளைத் துறந்து மெலிவதோடு, வலி வந்தபோதெல்லாம் தம்மையே நொந்துகொள்வர்.

இக்கால மருத்துவர் நீண்ட விலக்குப் பட்டியலினும் ஒழுங்கையே வற்புறுத்துகின்றனர். வேளை தவறாது உண்ணல், ஒரே நேரத்தில் உறங்கி எழுதல், நீர் பருகல், அளவான உடற்பயிற்சி, காப்பியில் அளவு, வலி வந்த நாளையும் அதற்கு முன் நிகழ்ந்தவற்றையும் குறித்துவைத்தல் என்பன அவை. தேவையுழி மருந்தும் கொள்ளல் வேண்டும் என்பர்.

இதனால் பழைய நூலோர் இன்றைய உண்மையை அன்றே அறிந்தனர் எனக் கோடல் பொருந்தாது. அவர்தம் கோட்பாடு வேறு. எனினும், எதை உண்டான் என்பதோடு எவ்வாறு வாழ்ந்தான் என்றும் வினவிய அவர்தம் நோக்கு இன்றும் போற்றத்தக்கது. அவ்வினா நோயாளனைக் குற்றவாளியாக்கும் வினா ஆகாமை வேண்டும் என்பதே இவ்வரலாற்றால் நாம் பெறும் தெளிவு.