பச்சையப்பர் பணம் – 3: உயில் தூங்கிய 48 வருஷம்

கும்பகோணத்தில் உயில் எழுதி ஒன்பதாம் நாள், திருவையாற்றில் பச்சையப்ப முதலியார் காலமானார். 1794 மார்ச் 31. வயது நாற்பது.

சென்ற வாரம் இங்கேதான் நிறுத்தினோம். அப்பா போன பிறகு பெரியபாளையத்தில் பிறந்த பிள்ளை, லட்சக்கணக்கில் சொத்து வைத்துவிட்டுப் போகிறார். அந்தச் சொத்து யாருக்கு என்பதில் குழப்பமே இல்லை. சிவனுக்கும் விஷ்ணுவுக்கும் பூஜை, ஏழைகளுக்கு அன்னம், சமஸ்கிருதம் படிப்பவர்களுக்கு உதவி என்று உயில் சொல்லிவிட்டது. நடத்திவைக்கும் பொறுப்பு பவுனி நாராயண பிள்ளையிடம். திக்கற்று வந்த சிறுவனைச் சென்னைக் கறுப்பர் நகரத்தில் வைத்துக் காப்பாற்றி, வெள்ளைக்காரருக்கு மொழிபெயர்த்துத் தரகு பார்க்கும் துபாஷித் தொழில் பழக்கிவிட்டவர் அவர்தான். அவரைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா?

எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள்.

துபாஷி பணம் அந்தக் காலத்தில் எந்த வழியில் போகும் என்பதற்கு நம் திருத்தணியிலேயே ஒரு சாட்சி உண்டு. கவர்னர் பிகட்டிடம் துபாஷியாக இருந்தவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். முத்துசுவாமி தீட்சிதரின் தகப்பனாரை ஆதரித்தது அந்தக் குடும்பம். அங்கே வளர்ந்த இளைஞர் தீட்சிதர் காசிக்குப் போய்த் திரும்பியபின் திருத்தணி மலை ஏறுகிறார். கிழவர் ஒருவர் வாயில் கற்கண்டு போடுகிறார், ‘ஸ்ரீநாதாதி’ பிறக்கிறது. இந்தக் கதை நம்மூர்க் குழந்தைக்கும் தெரியும். கற்கண்டு போட்டது முருகன். அதுவரை அந்த வீட்டில் உலை வைக்கப் பணம் கொடுத்தது கம்பெனி வியாபாரத்தில் சம்பாதித்த முதலியார். கோயில், சத்திரம், சங்கீதம் என்று மூன்று வாய்க்கால்களில்தான் துபாஷி பணம் ஓடும். பச்சையப்பரும் அதைத்தான் கேட்டார். இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

உயில் எழுதினவர் போய் ஒரு வருஷம் ஆயிற்று, ஐந்து ஆயிற்று, பத்தும் ஆயிற்று. தர்மம் நடந்தபாடில்லை. முதலியாருக்கு இரண்டு மனைவியர். அவர்கள் பக்கத்து உறவு, இவர் பக்கத்து உறவு, இதற்கு நடுவே கணக்கு வைத்திருந்தவர்கள். பங்கு கேட்டு வழக்கு, வழக்குக்கு எதிர்வழக்கு. இந்தச் சண்டை நடக்கும்போதே சென்னையில் நீதிமன்றமே இரண்டு முறை மாறிவிட்டது. உயில் எழுதும்போது இருந்தது மேயர் கோர்ட். 1798இல் ரெக்கார்டர் கோர்ட் வந்தது. 1801இல் சுப்ரீம் கோர்ட் வந்தது. உயில் மட்டும் அதே உயில்.

சாமிக்கு எழுதிவைத்த சொத்துக்கு ஒரு சங்கடம் உண்டு. சாமி வந்து கோர்ட்டில் நிற்காது. அதற்காக யாராவது நிற்க வேண்டும். நின்றது ஒரு வெள்ளைக்காரர். அட்வகேட் ஜெனரலாக இருந்த சர் ஹெர்பர்ட் காம்ப்டன், தர்மச் சொத்து தனியார் கையில் கரைகிறது என்று சுப்ரீம் கோர்ட்டுக்குக் கொண்டுபோனார். அவருக்குப்பின் அந்தப் பதவிக்கு வந்த ஜார்ஜ் நார்ட்டனும் விடவில்லை. கடைசியில் கணக்குப் பார்த்தபோது, வட்டி ஏறி ஏறித் தொகை ஏறக்குறைய 8 லட்சம் ரூபாய்க்கு வந்து நின்றது.

இப்போது தீர்ப்பு. கோயில் தர்மங்களுக்கு ஒரு லட்சம் வராகன் ஒதுக்கப்பட்டது. ஒரு வராகனுக்கு மூன்றரை ரூபாய் வீதம் மூன்றரை லட்சம் ரூபாய். உயிலில் சொன்ன பூஜையும் அன்னதானமும் அதன் வட்டியில் நடக்கும். பிற்காலத்தில் யாரும் மறைக்க முடியாதபடி சில கோயில்களில் இந்த விவரத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்தார்கள்.

அப்படியானால் மீதி நாலரை லட்சம்?

அதற்கு வருமுன் அன்றைய பையன்கள் எங்கே படித்தார்கள் என்று பார்த்துவிடுவோம். 1822இல் கவர்னர் தாமஸ் மன்றோ ஒவ்வொரு ஜில்லா கலெக்டரிடமும் பள்ளிக்கூடக் கணக்குக் கேட்டார். மாகாணம் முழுக்க 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள் என்று கணக்கு வந்தது. பெரும்பாலும் திண்ணைப் பள்ளிக்கூடங்கள். கார்வேட்டிநகர் ஜமீனில் இருந்த திருத்தணியிலும் படிப்பு என்றால் மணலில் விரலால் அரிச்சுவடி, பிறகு ஓலை, எண்சுவடி, மனக்கணக்கு. வாத்தியார் சாப்பிடப் போனால் சட்டாம்பிள்ளை ஆட்சி. தப்புச் செய்தவனைக் கோதண்டத்தில் தொங்கவிடுவார்கள். ஆனால் மனக்கணக்கில் அந்தப் பிள்ளைகளை அசைக்க முடியாது. பச்சையப்பரே அப்படித் தேறியவர்தான்; மூலதனம் கணக்கு, மேலே கொஞ்சம் இங்கிலீஷ்.

அந்தக் கொஞ்சம் இங்கிலீஷுக்குத்தான் இப்போது பஞ்சம். 1835க்குப் பிறகு கம்பெனி சர்க்கார் கல்விப் பணத்தை இங்கிலீஷ் படிப்புப் பக்கம் திருப்பிவிட்டது. உத்தியோகத்துக்கு அதுதான் வழி. சென்னையில் அதைச் சரியாகச் சொல்லிக்கொடுத்தவர்களோ பாதிரிமார்கள். 1837இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளிக்கு நல்ல குடும்பத்துப் பையன்கள் நூற்றுக்கணக்கில் போனார்கள். பைபிள் பாடம் உண்டு என்று பெற்றோருக்குத் தெரியும். படிப்பை எடுத்துக்கொள்வோம், மற்றதை விட்டுவிடுவோம் என்று ஒரு கணக்குப் போட்டிருந்தார்கள்.

1841இல் அந்தக் கணக்கு தவறியது. ஆண்டர்சனின் மாணவர்கள் இருவர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

கறுப்பர் நகரம் கொதித்தது. பெற்றோர்கள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வெளியேறினார்கள். வகுப்புகள் காலியாயின. சரி, இழுத்துக்கொண்டு வந்தாயிற்று. அடுத்து எங்கே சேர்ப்பது? அதே வருஷம் சர்க்கார் ஒரு ஹைஸ்கூலைத் திறந்தது, பிற்காலத்துப் பிரசிடென்சி கல்லூரி அதிலிருந்து வளர்ந்ததுதான். அது ஒன்றே ஒன்று. அந்த ஹைஸ்கூல் வருவதற்கும் பாடுபட்டவர் நார்ட்டன். அவர் மேஜையில்தான் பச்சையப்பரின் நாலரை லட்சமும் இருந்தது.

சட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தர்மம் செய்தவர் சொன்ன காரியங்கள் முடிந்தும் பணம் மிஞ்சினால், அவர் மனசுக்கு மிக நெருக்கமான வேறு தர்மத்துக்கு அதைத் திருப்பலாம். உயிலில் சமஸ்கிருதப் படிப்பு என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, படிப்பு என்றால் படிப்புதானே! அப்படித்தான் மீதிப் பணம் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. பச்சையப்பர் இதை ஒப்புக்கொண்டிருப்பாரா? கூவம் தெளிவாக ஓடிய நாளில் கோமளீசுவரன்பேட்டையில் தினமும் அதில் குளித்துச் சாமி கும்பிட்ட மனிதர். ஒப்புக்கொண்டிருக்க மாட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அன்றைக்கு எடுத்திருக்கக்கூடிய முடிவுகளில் இதைவிட நல்லது வேறில்லை.

1842 ஜனவரி. பாப்பம்ஸ் பிராட்வே, இன்றைய பிரகாசம் சாலை. ஸ்டீபன் பாப்பம் என்ற வக்கீல் சாக்கடையைத் தூர்த்து உண்டாக்கிய தெரு. அங்கே பச்சையப்பன் பள்ளிக்கூடம் திறந்தது. இந்துக்களே நிர்வாகிகள். ஏழைப் பையன்களுக்குச் சம்பளமில்லாத படிப்பு. இங்கிலீஷ், தமிழ், தெலுங்கு, கணக்கு. பாதிரியார் கிடையாது, பைபிள் பாடம் கிடையாது. காலையில் வந்தவன் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். இது சின்ன விஷயமில்லை. பகலில் இங்கிலீஷ் இலக்கணம், இரவில் வீட்டுச் சாப்பாடு, நெற்றியில் போன மாதிரியே விபூதியோ நாமமோ. ஞானஸ்நானத்துக்குப் பயந்திருந்த தாய்மாருக்கு அந்தச் சாயங்காலம்தான் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும்.

கூட்டம் தாங்கவில்லை. 1846இல் எஸ்பிளனேடில் புதுக் கட்டடத்துக்கு நார்ட்டனே அஸ்திவாரக் கல் நாட்டினார். ஏதென்ஸில் உள்ள தீசியஸ் கோயிலின் சாயலில், வரிசையாகத் தூண்கள் வைத்து எழுந்தது பச்சையப்பன் மண்டபம். 1850இல் கவர்னர் ஹென்றி பாட்டிஞ்சர் திறந்துவைத்தார். சிவபக்தரான துபாஷியின் பணத்தில், சைனா பஜார் ஓரத்தில், ஒரு கிரேக்கக் கோயில்! இன்றைக்கும் பாரிமுனைப் பக்கம் போகிறவர்கள் வியாபாரிகள் கூட்டத்துக்கு மேலே நிமிர்ந்து பார்த்தால் அந்தத் தூண்கள் தெரியும். காஞ்சிபுரத்திலும் ஒரு பச்சையப்பன் பள்ளி வந்தது. நெசவாளர் வீட்டுப் பிள்ளையான அண்ணாதுரை பிற்காலத்தில் படித்தது அங்கேதான்.

ஆனால் பிராட்வே பள்ளி திறந்த நாளிலேயே வாசலில் ஒரு நிபந்தனையும் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்துப் பையன்களுக்கு மட்டும். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே என்பது எல்லோருக்கும் புரிந்தது. பாதிரிப் பள்ளிக்குப் போட்டியாக வந்த பள்ளி, அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடலாம். அந்த ‘இந்து’ என்ற சொல்லுக்குள் யார் யார் அடக்கம் என்பதில்தான் வில்லங்கம். சேரியிலிருந்து ஒரு தகப்பன், தானும் அதே சிவனைக் கும்பிடுகிறவன், மகனின் கையைப் பிடித்துக்கொண்டு இந்தப் படியேறினால் நிர்வாகிகள் என்ன பதில் சொல்வார்கள்?

பதில் சொன்னார்கள். அந்தப் பதிலை மாற்ற இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது, சட்டசபை வரை போகவேண்டியிருந்தது.

(தொடரும்)