தோல் மரு

தோல் மரு என்பது சிறு காம்பின் நுனியில் தொங்கும் மென்மையான, தீங்கற்ற சதை வளர்ச்சி. ஊருக்கு ஊர் மரு, உண்ணி, பாலுண்ணி என்று பெயர் மாறும். மருத்துவ நூல்களில் இதன் பெயர் அக்ரோகார்டான். தோல் மருத்துவர்கள் நோயாளியிடம் பேசும்போது ஸ்கின் டேக் என்பார்கள். வயது வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உடலில் எங்காவது ஒன்றிரண்டாவது இருக்கும். ஆண், பெண் இருபாலருக்கும் வரும். நடுவயதைத் தாண்டியவர்களிடம் மிகுதி. இது புற்றுநோயாக மாறுவது மிக மிக அரிது. அதனால் பெரும்பாலானவற்றை அகற்ற வேண்டிய மருத்துவத் தேவை இல்லை. ஆனால் சிலருக்கு இது உடலுக்குள் நடக்கும் ஒரு மாற்றத்தின் வெளி அடையாளமாக இருக்கிறது. மருவை எடுப்பதைவிட அந்த மாற்றத்தைக் கண்டறிவதே முக்கியம்.

தோற்றமும் அமைப்பும்

பெரும்பாலான மருக்கள் 1 முதல் 5 மில்லிமீட்டர் வரை இருக்கும். சில, திராட்சை அளவுக்கும் வளரும். நிறம் தோலின் நிறமாகவோ சற்றுக் கருமையாகவோ இருக்கும். தொட்டால் மெத்தென்றிருக்கும், விரலால் தள்ளினால் காம்போடு ஆடும். நுண்ணோக்கியில் பார்த்தால் நடுவில் தளர்வாகப் பின்னிய கொலாஜன் இழைகளும் நுண்ணிய இரத்தக் குழாய்களும், பெரிய மருக்களில் கொழுப்புச் செல்களும் தெரியும். அதன்மேல் வழக்கமான மேல்தோலே போர்வையாக இருக்கும்.

தோல் தோலோடு உரசும் மடிப்புகளே இதன் இடங்கள்: கழுத்து, அக்குள், மார்பகத்தின் அடிப்பகுதி, தொடையிடுக்கு. கண் இமையிலும் வரும். பொதுவாக வலி இருக்காது. கழுத்துச் சங்கிலியின் கொக்கியோ தாலிச்சரடோ மாட்டி இழுக்கும்போதும், ரவிக்கையின் கைப்பட்டி அறுக்கும்போதும், சவரக் கத்தி படும்போதும்தான் எரிச்சலும் இரத்தக் கசிவும் உண்டாகும். சில வேளை காம்பு முறுக்கிக்கொண்டு இரத்த ஓட்டம் நின்றுவிடும். மரு திடீரெனச் சிவந்து, பின்பு கறுத்து, வலித்து, சில நாளில் தானே உதிர்ந்துவிடும். பார்க்க அச்சமூட்டினாலும் ஆபத்தில்லாத நிகழ்வு இது. ஆனாலும் கறுத்த மருவை ஒருமுறை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

காரணங்கள்

ஒற்றைக் காரணம் இல்லை. உராய்வும் பரம்பரையும் பங்கு வகிக்கின்றன. கர்ப்பகாலத்தின் ஹார்மோன் மாற்றங்களால் புதிதாக முளைப்பதுண்டு. அவற்றில் சில பிரசவத்துக்குப் பின் சுருங்கிவிடும். உடல் பருமன் உள்ளவர்களுக்கு மடிப்புகளும் உரசலும் கூடுவதால் மருவும் கூடும். சில மருக்களில் மனிதப் பாப்பிலோமா வைரஸின் மரபணுத் தடயங்கள் காணப்பட்டுள்ளன. ஆனாலும் தோல் மரு ஒட்டுவாரொட்டியாகக் கருதப்படுவதில்லை. ஒரே துண்டைப் பயன்படுத்துவதால் வருமோ, தொட்டால் பரவுமோ என்ற கவலை வேண்டாம்.

மருத்துவ நோக்கில் முதன்மையானது இன்சுலினோடு உள்ள தொடர்பு. உடல் செல்கள் இன்சுலினுக்குச் சரியாக இணங்காதபோது கணையம் அதை மேலும் மேலும் சுரக்கிறது. இரத்தத்தில் மிகுந்த அந்த இன்சுலின், தோலில் உள்ள வளர்ச்சிக் காரணி ஏற்பிகளைத் தூண்ட, மேல்தோல் செல்களும் நார்ச்செல்களும் தேவைக்கு மேல் பெருகுகின்றன. மருவும், அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் எனப்படும் கருங்கழுத்தும் ஒரே ஆளிடம் சேர்ந்து காணப்படுவது இதனால்தான். கருங்கழுத்தில் பிடரியும் அக்குளும் கறுத்து, தடித்து, தடவினால் வெல்வெட்டுத் துணியைப் போல இருக்கும். நம் வீடுகளில் இதை அழுக்கு என்றே நினைத்து, பிள்ளைகளின் கழுத்தைப் பீர்க்கங்காய் நாரால் சிவக்கச் சிவக்கத் தேய்க்கிறார்கள். அந்தக் கருமை தேய்த்துப் போவதில்லை. தேய்க்கத் தேய்க்கத் தோல் இன்னும் தடிக்கும்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் இணைந்து நடத்தி, 2023இல் வெளியிட்ட நாடு தழுவிய ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவும் 13.6 கோடிப் பேருக்கு நீரிழிவின் முந்தைய நிலையும் இருப்பதாக மதிப்பிட்டது. இந்தப் பின்னணியில், கழுத்தில் கொத்தாக மருவும் பிடரியில் கருமையும் இடுப்பில் பருமனும் உள்ள ஒருவர் அழகு நிலையத்துக்குப் போகும் முன் இரத்தப் பரிசோதனைக்குப் போவதே முறை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100 முதல் 125 மில்லிகிராம் வரையிலோ, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 சதவீதம் வரையிலோ இருந்தால், அமெரிக்க நீரிழிவுச் சங்கத்தின் அளவுகோல்படி அது முந்தைய நிலை. 126, 6.5 என்ற எல்லைகளைத் தொட்டால் நீரிழிவு. மறு பரிசோதனையில் அது உறுதி செய்யப்படும். முந்தைய நிலையில் உணவும் நடையும் எடைக் குறைப்பும் நோயைத் தள்ளிப்போட வல்லவை. கொழுப்பு அளவையும் இரத்த அழுத்தத்தையும் கூடவே பார்த்துவிட வேண்டும். இதெல்லாம் ஓரிரு மருக்கள் மட்டும் உள்ள எல்லோருக்கும் பொருந்தாது. எண்ணிக்கை மிகுந்தவர்களுக்கும், குறுகிய காலத்தில் பல முளைத்தவர்களுக்குமே பொருந்தும்.

மிக அரிதாக, பர்ட்-ஹாக்-டூபே நோய்க்குறி என்னும் பரம்பரைக் கோளாறிலும் மருக்கள் வரும். 1977இல் கனடா மருத்துவர் மூவர் விவரித்த இந்த நோயில் முகத்திலும் கழுத்திலும் சிறு வெண்கட்டிகள், நுரையீரலில் காற்று நிறைந்த பைகள், சிறுநீரகப் புற்றுநோய் ஆகியவை சேர்ந்து வரக்கூடும். குடும்பத்தில் பலருக்கு நுரையீரல் திடீரெனச் சுருங்கிய வரலாறு இருந்தால் இதை நினைக்க வேண்டும்.

மரு போலத் தெரிபவை

வைரஸால் வரும் மரு சொரசொரப்பாக, காலிஃபிளவரின் மேற்பரப்பைப் போல இருக்கும், அது பரவும். மொலஸ்கம் எனும் வைரஸ் கொப்புளம் முத்துப்போல் பளபளத்து, நடுவில் குழிந்திருக்கும், குழந்தைகளிடம் மிகுதி. கருநிறத் தோல் உடையவர்களின் கன்னத்தில் எள் தூவினாற்போல் தோன்றும் கரும்புள்ளிகள் வேறு வகை. அழுத்தினால் உள்ளே அமுங்கும் மென்கட்டிகள் பலவும், பால்காப்பி நிறத் திட்டுகளும் சேர்ந்திருந்தால் நரம்புநார்க் கட்டி நோயா என்று பார்க்க வேண்டும்.

இரண்டு இடங்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. பிறந்த குழந்தையின் காதுக்கு முன்னால் உள்ள சதைத்துணுக்கு தோல் மரு அன்று. அதனுள் குருத்தெலும்பு இருக்கக்கூடும். நூல் கட்டி உதிர்க்கும் பழக்கத்தை அங்கே ஒருபோதும் கையாளக் கூடாது. அந்தக் குழந்தைக்குச் செவித்திறன் பரிசோதனையும் செய்ய வேண்டும். ஆசனவாயில் உள்ள சதைத்துணுக்கு பெரும்பாலும் மூலம், வெடிப்பு போன்றவற்றின் எச்சம். சில வேளை கிரோன் எனும் குடல் நோயின் அறிகுறி. அதைப் பார்க்க வேண்டியவர் அறுவை மருத்துவர்.

எங்கே இருந்தாலும் வேகமாக வளர்வது, கடினமாவது, பல நிறம் காட்டுவது, புண்ணாவது, உரசல் இல்லாமலே இரத்தம் கசிவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் அகற்றியதைப் பயாப்சிக்கு அனுப்பியே ஆகவேண்டும்.

வீட்டு வைத்தியம்

மரு உதிர வேண்டி வைத்தீசுவரன் கோயில் போன்ற தலங்களில் உப்பும் மிளகும் காணிக்கை செலுத்துவது நெடுநாள் வழக்கம். அதனால் தோலுக்கு எந்தக் கேடும் இல்லை. கேடு வருவது மேலே பூசுபவற்றால்தான். சுண்ணாம்பையும் சலவைச் சோடாவையும் குழைத்து மருவின்மேல் வைப்பது இன்றும் நடக்கிறது. இவ்விரண்டும் ஈரத்தில் சேர்ந்தால் உண்டாவது சோடியம் ஹைட்ராக்சைடு, அதாவது காஸ்டிக் சோடா. காரம் திசுவைக் கரைத்துக்கொண்டே கீழிறங்கும் தன்மையது, மருவோடு நிற்காது. மரு இருந்த இடத்தில் காசளவு புண்ணும், ஆறிய பின் தழும்பும் மிஞ்சும். சர்க்கரை நோய் உள்ளவருக்கு அந்தப் புண் சீழ்பிடிக்கும் அபாயமும் உண்டு. மருவில் தடவும் எருக்கம்பால் கண்ணில் தெறித்தால் கருவிழி வீங்கிப் பார்வை மங்கும். இமை மருவுக்கு அதைத் தொடவே கூடாது. ஆப்பிள் சைடர் வினிகரும் தோலைப் பொசுக்கும். தலைமுடியாலோ நூலாலோ காம்பை இறுக்கிக் கட்டும் முறைக்கு மருத்துவ அடிப்படை உண்டு. மருத்துவமனையிலும் நூல் கட்டுவதுண்டு. ஆனால் வீட்டில் அது தூய்மையின்றி, அரைகுறை இறுக்கத்தோடு செய்யப்படுவதால் வீங்கி, நாறி, வலியோடு முடிகிறது. இணையத்தில் விற்கும் மரு நீக்கும் திரவங்களும் நம்பத்தக்கவை அல்ல. மச்சத்துக்கோ தோல் மருவுக்கோ கடையில் நேரடியாக வாங்கும் மருந்து எதற்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது.

அகற்றும் முறைகள்

தொந்தரவு தரும் மருவை எடுப்பது சில நிமிட வேலை. மெல்லிய காம்பு உள்ளதை மருத்துவர் இடுக்கியால் தூக்கிப்பிடித்து, கூரிய சிறு கத்தரிக்கோலால் அடியில் நறுக்கிவிடுவார். சிறியதற்கு மரப்பு ஊசிகூடத் தேவைப்படாது. அலுமினியம் குளோரைடு தொட்டு வைத்தால் கசிவு நின்றுவிடும். கழுத்து முழுக்கப் பல இருந்தால் மரப்புக் களிம்பைத் தடவி, ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டுத் தொடங்குவார்கள்.

நம் ஊரில் மிகுதியாகக் கையாளப்படுவது மின்சாரத்தால் சுடும் காட்டரியும், ரேடியோ அலைவரிசைக் கருவியும். இவை காம்பை அறுப்பதோடு குழாய்களையும் அடைத்துவிடுவதால் இரத்தம் அனேகமாக வராது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவரும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவரும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். திரவ நைட்ரஜனால் உறையவைக்கும் முறையில், கழித்தல் 196 டிகிரிக் குளிரில் மரு இறந்து, நாட்கள் கழித்து உதிரும். மாநிறத்தவருக்கும் கருநிறத்தவருக்கும் இது அவ்வளவு ஏற்றதன்று. நிறமிச் செல்கள் குளிரைத் தாங்காமல் வெண்புள்ளி விழலாம், அல்லது சுற்றிலும் கறுத்துவிடலாம். நம் தோலுக்குக் கத்தரிக்கோலும் அளவாகச் சுடும் காட்டரியுமே பொருத்தம். லேசர் செலவு மிகுந்தது. சிறு மருவுக்கு அதனால் தனிப் பயன் எதுவும் இல்லை. இமை ஓரத்து மருவைக் கண் மருத்துவரிடம் விடுவது பாதுகாப்பு. பழைய காயங்கள் தடித்த தழும்பாக எழும்பும் உடல்வாகு உள்ளவர்கள், கழுத்திலும் மார்பிலும் கைவைக்கும் முன் அதைச் சொல்ல வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவிலும் இச்சிகிச்சை உண்டு. அகற்றிய இடத்தில் சிறு பொருக்கு கட்டி, ஒன்றிரண்டு வாரத்தில் உதிரும். அதைப் பிய்க்காமல் களிம்பு தடவி வந்தால் போதும். வெயில் படாமல் காத்தால் கருமை குறையும். எடுத்த மரு அதே இடத்தில் மீண்டும் முளைப்பது அரிது. ஒன்றை எடுத்தால் பத்து வரும் என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை. இயல்பிலேயே மரு வரும் உடல்வாகு உள்ளவருக்குப் பிற இடங்களில் புதியவை தோன்றுவதே அப்படி எண்ணச் செய்கிறது. எடை குறைந்து சர்க்கரை கட்டுப்பட்டாலும் இருக்கும் மரு தானாக மறைந்துவிடாது. பிடரியின் கருமை மட்டும் மாதக்கணக்கில் மெல்ல வெளுக்கும்.