பறக்கிறவனுக்கு ரயில் சட்டம்!

நடுவர் அவர்களே! நியாயமான சம்பளத்தை வாங்கித் தருவது சட்டம்தான் என்று அடித்துப் பேசிவிட்டுப் போனார் எதிரணித் தம்பி. சட்டத்தையே எடுத்துக்குவோம்.

அமெரிக்காவில் 1926-ல் வந்தது ரயில்வே தொழிலாளர் சட்டம். 1936-ல் அதை விமானத் துறைக்கும் நீட்டினார்கள். பறக்கிறவனுக்கு ரயில் சட்டம்! (சிரிப்பு) அதன்படி, ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் விமானி வேலைநிறுத்தம் செய்ய முடியாது. பழைய சம்பளத்திலேயே பறக்கணும். மத்தியஸ்த வாரியம் கைவிரிக்கணும். அப்புறமும் 30 நாள் பொறுக்கணும். வாரியம் எப்போது கைவிரிக்கும்? அதற்குக் கெடுவே கிடையாது!

யு.பி.எஸ். பார்சல் கம்பெனியின் சரக்கு விமானிகள் சுமார் 2,000 பேர் இப்படித்தான் பேச்சுவார்த்தையில் இழுபட்டுக் கிடந்தார்கள். 1997 ஆகஸ்ட் 4-ம் தேதி அதே கம்பெனியின் வண்டி ஓட்டுநர்கள், பார்சல் பிரிப்பவர்கள் என்று 1,85,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். பகுதிநேர வேலைகளை முழுநேரமாக்கு என்பது முக்கியக் கோரிக்கை. அவங்க சங்கம் வேற, இவங்க சங்கம் வேற. ஆனாலும் மறியல் நடந்த வாசலைத் தாண்டி விமானிகள் உள்ளே போகவில்லை. தங்கள் ஒப்பந்தமும் பாக்கி இருக்கே என்ற கணக்கும் மனசில் இருந்திருக்கும், இருக்கட்டுமே! வண்டி ஓட்ட மேனேஜரை உட்கார வைக்கலாம். அத்தனை ஜெட் விமானத்துக்கும் யாரைத் தேடுவது? (கைதட்டல்)

15 நாளில் கம்பெனி இறங்கி வந்தது. 10,000 முழுநேர வேலைக்கு ஒப்புக்கொண்டது. விமானிகளின் சொந்த ஒப்பந்தமும் 1998-ல் முடிவானது. தம்பி, அந்த 15 நாளும் உங்க சட்டம் எங்கேப்பா போயிருந்தது?