பாலுண்ணியும் பரிகாரமும்

உரோமாபுரியின் வரலாற்றைப் படித்தவர்கள் பேபியசு மாக்சிமசு என்னும் தளபதியை அறிவார்கள். கார்த்தேச்சு நாட்டு அனிபால் அல்ப்சு மலையைத் தாண்டி இத்தாலிக்குள் புகுந்தபோது, நேர்நின்று பொருதாமல், காலந்தாழ்த்தியே பகைவனைக் களைப்படையச் செய்தவர் அவர். கி.மு. 217 இல் உரோமர் அவரைச் சர்வாதிகாரியாக நியமித்தனர். இத்துணைப் பெருமை வாய்ந்த அவருக்கு 'வெருக்கோசசு' என்றொரு பட்டப்பெயரும் இருந்தது. 'பாலுண்ணி உடையவன்' என்பது அதன் பொருள். அவருடைய உதட்டின்மேல் ஒரு பாலுண்ணி இருந்ததாகப் புளூட்டாக் எழுதிவைத்திருக்கிறார்.

நேயர்களே, மரு என்றும் பாலுண்ணி என்றும் நாம் வழங்கும் இச்சிறு முளையின் வரலாறே இன்றைய பேச்சின் பொருள். இதனால் உயிர்போனவர் இல்லையே, இதற்கும் ஒரு வரலாறா என்று நீங்கள் கேட்கலாம். நோய் ஒன்று நீங்கும்போது அதனை நீக்கியவர் யார் என்று அறிவதில் மனிதன் எத்துணை எளிதாக ஏமாந்துபோகிறான் என்பதை இதனைப் போலக் காட்டும் நோய் வேறில்லை.

கி.பி. முதலாம் நூற்றாண்டிலே வாழ்ந்த செல்சசு என்னும் உரோமர் மருத்துவ நூலொன்றை இலத்தீனில் இயற்றினார். அதிலே பாலுண்ணிகளை வகைபிரித்துப் பெயரிட்டதோடு, அவற்றுட் சில, சிறியனவாயின் பெரும்பாலும், தாமாகவே மறைந்துவிடும் என்றும் குறித்துவைத்தார். உண்மை அன்றே கூறப்பட்டுவிட்டது. ஆயினும் உலகம் அதனைக் காதிற் போட்டுக்கொள்ளவில்லை.

ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் கழித்து நிகழ்ந்த ஒன்றைப் பாருங்கள். விஞ்ஞான ஆராய்ச்சி முறைக்கு வழிகாட்டியவர் எனப் போற்றப்படும் பிரான்சிசு பேக்கன், இளமையிலே பாரிசு நகரில் தங்கியிருந்தார். அவருடைய விரலிலே சிறு வயது முதல் ஒரு பாலுண்ணி இருந்தது. பாரிசிலே இரண்டொரு மாதத்துள் கைகளில் மேலும் ஏராளமானவை தோன்றின. அங்கிருந்த ஆங்கிலத் தூதுவரின் மனைவி, தோலோடு கூடிய பன்றிக்கொழுப்புத் துண்டு ஒன்றை எடுத்து, அவற்றின்மீது நன்றாகத் தேய்த்தார். பின்பு அத்துண்டைத் தெற்கு நோக்கிய சாளரத்தின் கம்பத்திலே, வெயில் படும்படி ஆணியால் அறைந்துவைத்தார். ஐந்து வாரங்களில் எல்லாம் மறைந்தன. நெடுங்காலம் இருந்த பழைய பாலுண்ணியும் உடன் மறைந்தது. 1627 இல் வெளிவந்த நூலிலே பேக்கனே இதனைக் கூறுகிறார். எதையும் சோதித்தே ஏற்கவேண்டும் என்று உலகுக்குப் போதித்த அறிஞரையும் ஒரு துண்டுக் கொழுப்பு வியப்பில் ஆழ்த்திவிட்டது.

நம்மவரும் இதற்கு விலக்கல்லர். தமிழ்நாட்டிலே வைத்தீசுவரன் கோயிலில் உப்பும் மிளகும் காணிக்கையாக இடுவது நெடுநாள் வழக்கம். அம்மான் பச்சரிசியின் பாலைத் தடவுவார்கள்; தலைமயிரால் முடிந்து இறுக்குவார்கள்; சுண்ணாம்பு வைத்துச் சுடுவார்கள். காணிக்கை இட்டவர்க்கும் நீங்கியது. கொழுப்புத் தேய்த்தவர்க்கும் நீங்கியது. ஒன்றுமே செய்யாதிருந்தவர்க்கும் நீங்கியது. ஆனால் அவர் அதனை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லுவதற்கு அவரிடம் கதை இல்லையல்லவா?

நீங்கியதன் காரணத்தை அறியுமுன், அது வந்த காரணத்தை அறியவேண்டியிருந்தது. 1896 இல் யடசோன் என்னும் வைத்தியர், பாலுண்ணியின் பொருளை மனிதத் தோலிற் புகுத்தி, அங்கே புதிய பாலுண்ணி முளைப்பதைக் காட்டினார். இது தொற்றுநோய் என்பது தெளிவாயிற்று. 1907 இல் இத்தாலியரான சியூபோ, பாலுண்ணியை அரைத்து, பற்றீரியாவும் புகமுடியாத நுண்ணிய வடியினூடே வடித்தெடுத்த நீரைத் தம் தோலிலே ஏற்றிக்கொண்டார். சில மாதங்களின் பின் பாலுண்ணி தோன்றியது. வடியையும் கடந்து சென்ற அக்கிருமி ஒரு வைரசு. 1949 இல் இலத்திரன் நுணுக்குக்காட்டி அதனை மனிதன் கண்ணுக்குக் காட்டியது.

இவ்வைரசு தோலிலுள்ள நுண்ணிய கீறலின் வழியே புகுகின்றது. மேற்றோலின் கலங்களுக்குள்ளே ஒளிந்திருப்பதால், உடலின் எதிர்ப்புச் சக்தி அதனை உடனே அடையாளங் காண்பதில்லை. மாதங்கள் சென்றபின் ஒருநாள் கண்டுகொள்ளுகின்றது, கண்டதும் அழித்துவிடுகின்றது. சிறுவர்களின் பாலுண்ணிகளில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு ஆண்டுகளுக்குள் மறைவது இதனாலேயே. பேக்கனுக்கு நேர்ந்ததும் இதுவே எனலாம். வெற்றி உடலினுடையது, புகழ் மட்டும் கொழுப்புத் துண்டுக்குச் சென்றது.

இச்சிறிய முளையைத் தொடர்ந்து சென்ற ஆராய்ச்சி மிகப் பெரிய இடத்திலே போய் முடிந்தது. 1933 இல் அமெரிக்கரான சோப்பு, காட்டுமுயல்களின் உடலிலே கொம்பு போல வளரும் பாலுண்ணிகளுக்கு வைரசே காரணம் எனக் கண்டார். அவற்றுட் சில புற்றுநோயாக மாறுவதும் பின்னர் தெரியவந்தது. மனிதரைப் பற்றும் இவ்வைரசுக் குடும்பத்திலே இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உள. கையிலும் காலிலும் சாதாரணப் பாலுண்ணியை உண்டாக்குபவை புற்றுநோயைத் தருவனவல்ல. ஆயின், வேறு சில வகைகளே பெண்களின் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குக் காரணம் என்று செருமானியரான அரால்ட் சூர் அவுசன் 1983, 1984 ஆம் ஆண்டுகளிலே நிறுவினார். அதற்காக 2008 இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. 2006 இல் தடுப்பூசி வந்தது. இலங்கையிலே 2017 முதல் ஆறாந் தர மாணவியர்க்கு அது பாடசாலையிலேயே ஏற்றப்படலாயிற்று. சம்மதக் கடிதம் வீட்டுக்கு வரும்போது ஐயுறும் பெற்றோர் சிலரை நான் கண்டிருக்கிறேன். அந்த ஊசியின் பின்னே நூறாண்டுக்கு மேற்பட்ட உழைப்பு இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்தால், கையொப்பமிடத் தயங்கமாட்டார்கள்.

பாடசாலையிலே இன்னொன்றையும் ஆசிரியர்கள் காணுகிறார்கள். விடை தெரிந்தும் கையை உயர்த்தாத பிள்ளை, சில வேளைகளிலே, விரலிலுள்ள பாலுண்ணியை மறைக்கும் பிள்ளையாக இருக்கிறது. அப்பிள்ளை அதனை நகத்தாற் கிள்ளும். சவர அலகால் வெட்டவும் துணியும். அதனால் வைரசு பரவுமேயன்றி நீங்காது. சுண்ணாம்பும் எருக்கம்பாலும் தோலைப் புண்ணாக்கும். எருக்கம்பால் கண்ணிற் பட்டால் பார்வைக்கே கேடு. வழிபாடு மனத்துக்கு ஆறுதல் தரும். அதனை யாரும் தடுக்கவேண்டியதில்லை. தடுக்கவேண்டியது அலகையும் சுண்ணாம்பையுமே.

அப்படியாயின் யாரிடம் செல்வது? முதலிலே உங்கள் குடும்ப வைத்தியரிடம், அல்லது அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குச் செல்லுங்கள். தேவையாயின் அவர்கள் தோல் நோய் நிபுணரின் கிளினிக்குக்கு அனுப்பிவைப்பார்கள். அரசாங்க வைத்தியசாலையிலே இதற்குக் கட்டணமில்லை. தனியாரிடம் செல்வதாயின், அவர் இலங்கை மருத்துவச் சபையிலே பதிவுபெற்றவரா என்று கேட்டறிவது உங்கள் உரிமை. முளையைக் கரைக்கும் சலிசிலிக் அமிலமும், சுழியத்துக்குக் கீழே 196 பாகை செல்சியசு வெப்பநிலையுடைய திரவ நைதரசனால் உறையச் செய்யும் முறையும் இன்று வழக்கிலுள்ள சிகிச்சைகள். நீரிழிவு நோயுள்ளவர்கள் காலிலே தாமாக அமிலம் இடலாகாது. மறைவிடத்தில் தோன்றுவனவற்றை வெட்கத்தால் மறைத்துவைக்கவும் கூடாது.

நல்ல வைத்தியரை எவ்வாறு அறிவது? உடனே வெட்டுகிறேன், சுடுகிறேன் என்பவரை நம்பி விரைய வேண்டாம். முதலில் இது பாலுண்ணிதானா என்று பார்ப்பவரை நாடுங்கள். ஏனெனில், விரைந்து வளர்வதும், குருதி கசிவதும், நிறம் மாறுவதும், முதிர்ந்த வயதிலே புதிதாகத் தோன்றுவதும் ஆகிய முளை வேறொரு நோயாக இருக்கலாம். அதனைப் பாலுண்ணி என்றெண்ணிச் சுட்டுவிட்டால், குணப்படுத்தும் காலம் கைநழுவிப் போகும். பாலுண்ணியேயாயின், இதற்கு மருந்து வேண்டாம், சிறிது காலம் பொறுத்திருங்கள் என்று சொல்லவும் அவருக்குத் துணிவு இருக்கவேண்டும்.

காலந்தாழ்த்தியே பகைவனைத் தளரச் செய்தவர் பேபியசு. பாலுண்ணியைப் பொறுத்தவரையில் நமது உடலும் பெரும்பாலும் அப்படியே போரிடுகின்றது. அது பொறுக்கத்தக்க பகையா, விரைந்து எதிர்க்கவேண்டிய பகையா என்று பிரித்தறிந்து கூறுவதற்கே கற்ற வைத்தியர் நமக்கு வேண்டும்.