பழனி மலையில் மறுபயன்பாட்டுப் பொருள்கள்

ஒரு முறை புழங்கித் தூக்கி எறியும் சாமான்களுக்குப் பதிலாக, கழுவியும் துவைத்தும் பல முறை புழங்கத்தக்க பை, பாட்டில், டம்ளர், துணி முதலியவை மறுபயன்பாட்டுப் பொருள்கள் எனப்படும். திண்டுக்கல் மாவட்டத்துப் பழனி மலையில், சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில், இவற்றில் சில வீட்டு வழக்கம் என்ற நிலையைத் தாண்டிச் சட்டக் கட்டாயமாகிவிட்டன. வத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ மலையேறும் எந்தச் சாமானும் தானாகக் கீழே இறங்குவதில்லை. நகராட்சியின் குப்பைக் கிடங்கு பிரகாசபுரத்தில் சோலைக்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஊருக்குள் சர்வசாதாரணமாக நடமாடும் காட்டுமாடுகள் குப்பையில் வாய் வைக்கின்றன. ஏரி நிரம்பி வழியும் நீர்தான் மலைப்பாதையில் வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது; ஏரிக்கரையில் வீசிய கவருக்கும் அதுதான் வழி.

தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் 14 வகை ‘யூஸ் அண்ட் த்ரோ’ பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. பால், எண்ணெய், மருந்து உறைகளுக்கு அப்போது விலக்கு உண்டு. அந்தப் பட்டியலில் பலரும் கவனிக்காத இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று, உட்புறம் பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப். மற்றொன்று, துணி போலவே தோன்றும் நெய்யாத பை. அது பாலிப்ரொப்பிலீன், பருத்தி அல்ல. மாற்று என்று நம்பி மக்கள் கையில் எடுத்தவையே தடைப் பட்டியலில் இருந்தன என்பது இந்தத் துறைக்கே உரிய வேடிக்கை. 2022 ஜூலை 1 முதல் ஒன்றிய அரசின் தடையும் வந்தது.

கொடைக்கானலில் விவகாரம் பாட்டிலைச் சுற்றியே நடக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் வழிகாட்டுதலை ஒட்டி, 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்கு அங்கே தடை உண்டு. மீறிக் கொண்டுவந்தால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி என 2024இல் அறிவிக்கப்பட்டது. சுற்றுலா வண்டிகளுக்கு இ-பாஸ் வந்ததும் அதே ஆண்டு மே மாதத்தில்தான். 2025 ஏப்ரலில் நீதிமன்றம் தமிழ்நாட்டின் மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளில் 28 வகைப் பிளாஸ்டிக் பொருள்களைத் தடை செய்தது. ஓடைகள் பிறக்கும் மலைக்குச் சமவெளியிலிருந்து லாரியில் தண்ணீர் ஏற்றி வந்து விற்ற காலத்துக்கு இது தாமதமான பதில். பாட்டிலைப் பறித்தால் மட்டும் போதாது. நிரப்பிக்கொள்ள நம்பகமான குழாய் வேண்டும். அது இல்லாத இடத்தில் எவர்சில்வர் பாட்டில் வெறும் சுமை.

டீக்கடைக்கும் இது பொருந்தும். கண்ணாடி டம்ளரை யார் கழுவுவது என்பதே அங்கு கேள்வி. மார்கழிக் காலையில் வாளித் தண்ணீருக்குள் கை விட்டால் விரல் மரத்துப்போகும். பேப்பர் கப்பைக் கடைக்காரர் விரும்புவது சோம்பலால் அல்ல, குளிரால். வெந்நீர் அடுப்பு பக்கத்தில் இருக்கும் கடையில் கண்ணாடி டம்ளர் நிலைக்கும்.

துணிக்கு எதிரி ஈரம். இம்மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசி, கார்த்திகையில் மூட்டம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்காரும், கொடியில் போட்ட துண்டு மறுநாளும் ஈரமாகவே இருக்கும். மாதவிடாய்த் துணியையோ துவைத்துப் புழங்கும் நாப்கினையோ நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். ஆரோவில்லில் இயங்கும் எக்கோ ஃபெம் தயாரிக்கும் துணி நாப்கின்கள் நெடுநாள் புழங்கத்தக்கவை. ஆனால் கடலோர வெயிலை மலையில் எதிர்பார்க்க முடியாது. வெந்நீரில் கொதிக்கவைத்தால் போதும் என்பதால் மாதவிடாய்க் கப் இந்தச் சூழலுக்கு நன்றாகப் பொருந்தும். நல்ல சிலிகான் கப் பல ஆண்டுகள் வரும். கேரளத்தின் ஆலப்புழை நகராட்சியில் 2019இல் ‘திங்கள்’ என்ற திட்டத்தின்கீழ் சுமார் 5,000 கப்கள் இலவசமாகத் தரப்பட்டன.

மஞ்சப்பை தனிக் கதை. மணமக்கள் பெயர் அச்சிட்டுத் தாம்பூலத்தோடு கொடுக்கும் அந்தப் பை, நடுவில் பட்டிக்காட்டான் பை என்று கேலிக்கு ஆளானது. 2021 டிசம்பர் 23 அன்று ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் அதற்கு அரசு மரியாதை தந்தது. பத்து ரூபாய் போட்டால் பை தரும் இயந்திரங்களும் பின்னர் வந்தன. ஆனால் பருத்திப் பை சும்மா விளைவதில்லை. டென்மார்க் சுற்றுச்சூழல் அமைப்பின் 2018ஆம் ஆண்டு ஆய்வுப்படி, பருவநிலைப் பாதிப்பில் மட்டும் ஒரு பிளாஸ்டிக் பைக்கு ஈடாக அதை 52 முறையாவது புழங்க வேண்டும். எல்லாப் பாதிப்புகளையும் கணக்கிட்டால் ஆயிரக்கணக்கில் போகிறது. அலமாரியில் பத்து மஞ்சப்பை அடுக்கி வைத்திருக்கும் வீடு ஒன்றும் சேமிக்கவில்லை. ஒயர் கூடை அசல் பிளாஸ்டிக்தான். என்றாலும் இருபது வருடம் சந்தைக்குப் போய்வந்த கூடையை யார் குறை சொல்ல முடியும்?

போன பொருள் திரும்பி வர ஒரு காசுக் கணக்கு தேவை. கோலி சோடா குடித்த இடத்திலேயே பாட்டிலைப் பெட்டியில் வைத்துவிட்டுப் போவது பழைய ஏற்பாடு. டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை 2022 மே மாதம் நீலகிரியில் தொடங்கி மற்ற மலைப் பகுதிகளுக்கும் பரவியது. காட்டில் உடைந்த கண்ணாடி யானையின் காலைக் கிழிப்பதைத் தடுப்பது அதன் நோக்கம். அறிவுரையால் நடக்காதது பத்து ரூபாயால் நடந்தது.

வீடுகளில் மறுபயன்பாட்டுக்குப் பேரே கிடையாது. விருப்பாச்சி வாழைப்பழத்தில் செய்த பழனிப் பஞ்சாமிர்தம் தீர்ந்ததும் டப்பா கழுவப்பட்டுக் கடுகுக்கோ புளிக்கோ போய்விடும். பூம்பாறைப் பக்கத்தில் மலைப்பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி, அடுப்புப் புகை படும் உயரத்தில் தொங்கவிடுகிறார்கள். கட்டும் கயிறு அதன் தாளேதான். பை எதுவும் கிடையாது.