வினைத்திரிபும் உள்ளமும்

ஆடி அமாவாசையன்று கீரிமலைக் கேணியிற் சிறுவர் விழுந்தனர், மூழ்கி எழுந்தனர், பெரியோர் கரையேறி நகுலேசுவரரைத் தொழுதனர் என ஒருவன் கூறுமிடத்து, அவ்வினைகளின் வடிவைப் பற்றி அவன் சிறிதும் எண்ணுவதில்லை. விழு, எழு, தொழு என்பன ஓரீறே உடையன. எனினும் முன்னைய இரண்டும் மெல்லொற்றுப் பெறத் தொழு மட்டும் பெறாது நின்றது. ‘தொழுந்தனர்’ என்பார் எவருமிலர்.

நன்னூலார் பகுபதத்தைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறுறுப்பாகப் பகுத்தார். அம்முறைப்படி, விழுந்தனர், தொழுதனர் இரண்டிலும் இறந்தகால இடைநிலை தகரவொற்றே. முன்னதிற் சந்தியாய் வந்த தகரம் நகரமாய் விகாரப்பட்டது. எப்பகுதி அச்சந்தியைப் பெறும், எது பெறாது என்பதை அந்நூல் விதந்து கூறவில்லை. இதனைக் குற்றமெனல் பொருந்தாது. தாய்மொழியாளனுக்கு முடிந்த சொல்லைப் பகுத்துக் காட்டுவதே அதன் நோக்கம். நாவலரின் இலக்கணச் சுருக்கமும் அவ்வழியதே.

சொல்லைப் புதிதாய் ஆக்கும் இடர்ப்பாடு பிறநாட்டார்க்கே நேர்ந்தது. இத்தாலியிற் பிறந்த வீரமாமுனிவர் 1728இல் கொடுந்தமிழ் இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். சேர்மானியரான கார்ல் கிரவுல் 1855இல் வினைப்பகுதிகளைக் காலவடிவு நோக்கி வகைப்படுத்தினார்; சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி அவ்வழியே வினைகளுக்கு வகையெண் இட்டது. விதியுள் அடங்காததைச் சொல்தோறும் குறித்து வைப்பதன்றி வேறு வழியில்லை.

உள்ளமும் இவ்வாறுதான் செய்கின்றதா? 1958இல் அமெரிக்கரான சீன் பேர்க்கோ, பொருளற்ற புதுச்சொற்களைக் குழந்தைகளுக்குக் கூறி, அவற்றையும் அவர்கள் விதிப்படி திரித்தமையைக் கண்டார். பின்வந்தோர் சிலர், ஒழுங்கான வினைகள் விதியாற் பிறப்பன, ஒழுங்கற்றவை முழுச்சொல்லாய் நினைவில் உள்ளன என்றனர். அக்கொள்கை பெரிதும் ஆங்கிலத்தைக் கொண்டே எழுந்தது.

இத்தாலியத்தில் ‘வெந்தெரே’ (விற்றல்) ‘வெந்தூதோ’ எனவும், ‘ப்ரெந்தெரே’ (எடுத்தல்) ‘ப்ரேஸோ’ எனவும் திரியும். 1997இல் ஒர்சோலினியும் மார்ஸ்லன்-வில்சனும், ஒரு வடிவைக் கேட்டபின் அதன் இனவடிவை எவ்வளவு விரைவில் அறிகின்றனர் என அம்மொழியாளரிடம் ஆராய்ந்தனர். ஆங்கிலத்திற் கண்ட பிளவு அங்கே காணப்படவில்லை. இருவகை வினையும் ஒருபடித்தாகவே உதவின. காரணம் ஒருவாறு ஊகிக்கத்தக்கது. ஆங்கிலத்திற் பகுதி தனிச்சொல்லாய் நிற்கும். இத்தாலியத்திலோ விகுதியின்றி வினையில்லை. ஒழுங்கற்ற ‘ப்ரேஸோ’வும் ‘ப்ரேஸ்’, ‘ஓ’ எனப் பகுபடும்.

தமிழ் இவ்விரண்டற்கும் இடையே நிற்கின்றது. விழு, வா என்பன ஏவலாய்த் தனித்து நிற்றலின் ஆங்கிலத்தை ஒக்கும். வந்தான், வருகிறான், வாரான் எனப் பகுதி எவ்வளவு திரியினும் விகுதியை விடாமையின் இத்தாலியத்தை ஒக்கும்.