ராயபுரத்து ரெயில் ஜன்னல்

1856-ம் வருஷம் ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ரெயில் ஓடத் தொடங்கியது. தென்னிந்தியாவில் பிரயாணிகளை ஏற்றிச் சென்ற முதல் ரெயில் அதுதான். அந்த ஸ்டேஷனின் சரித்திரத்தைச் சொல்கிறவர்கள் கவர்னர் வந்ததையும் கட்டிடத்தின் தூண்களையும் விஸ்தாரமாக வர்ணிக்கிறார்கள். எனக்கோ, ஜன்னலோரம் உட்கார்ந்தவன் என்ன கண்டான் என்பதில்தான் ஆசை. மாட்டு வண்டியின் வேகத்துக்குப் பழகிய கண்களுக்கு முன்னால் அன்று மரங்கள் பின்னோக்கி ஓடின!

இது என்ன புதுமை என்று நீங்கள் கேட்கலாம். ஓடத்தில் போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னால் போவதாகத் தோன்றும் என்று ஆரியபடர் 499-லேயே சொல்லிவிட்டார். வாஸ்தவம். ஆனால் ஜன்னலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நடுத்தூரத்தில் நிற்கும் ஒரு பனையின்மேல் பார்வையை நிறுத்திப் பாருங்கள். அதற்கு இப்பால் உள்ள கம்பங்கள் பின்னால் பறக்கும். அப்பால் உள்ள கோபுரம் நம்மோடு கூடவே வரும். எது கிட்ட, எது எட்ட என்று மூளை கண்டுகொள்ள இது ஒரு நல்ல உபாயம்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கண்ணுக்குள் விழும் பிம்பம் வலப்பக்கம் நகர்ந்தால், அந்தப் பொருள் பனைக்கு இப்பாலா, அப்பாலா? பிம்பத்தைக் கேட்டால் பதில் வராது. பனையைத் தொடர்ந்து கண் எந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியவேண்டும்.

ராயபுரத்தில் ரெயில் ஓடிய அதே 1856-ல், ஜெர்மனியில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் பார்வையைப் பற்றிய தம் பெரிய நூலின் முதல் பகுதியை வெளியிட்டார், 1867-ல் முடித்தார். அவர் விவாதித்த ஒரு சோதனையை நீங்களே செய்யலாம். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மற்றக் கண்ணின் ஓரத்தை இமைமேல் விரலால் மெல்ல அழுத்துங்கள். உலகமே ஆடும். கண்ணை நீங்களாகத் திருப்பினாலோ, ஆடாது. கண் தசைகளுக்கு மூளை அனுப்பும் உத்தரவுக்கு ஒரு கார்பன் நகல் எடுக்கப்பட்டு, பார்வைப் பகுதிக்கும் போய்விடுகிறது. 'இந்த ஆட்டம் நம்முடையது, கழித்துக்கொள்' என்று அர்த்தம். விரலுக்கு நகல் அனுப்பத் தெரியாது. 2009-ல் வெளியான ஒரு குரங்கு ஆராய்ச்சி, மூளையின் ஒரு சிறு பகுதியில் உள்ள நரம்பணுக்கள் பிம்பத்தின் ஓட்டத்தையும் கண்ணின் திருப்பத்தையும் சேர்த்துப் பார்த்தே முன்பின் சொல்கின்றன என்று காட்டியது.

ஒரு கண்ணை இழந்தவருக்கு உலகம் தட்டையாகிவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அவ்வளவு பயம் வேண்டாம். இரு கண்கள் ஒரே சமயத்தில் தரும் இரண்டு காட்சிகளை, தலையைச் சற்று அசைத்தால் ஒரு கண்ணே அடுத்தடுத்துத் தந்துவிடும்.

அந்த இரு கண் விவகாரத்திலும் ராயபுரத்துக்குப் பங்கு உண்டு. ஸ்டேஷன் இருக்கும் வட்டாரத்திலேயே ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே படித்த வி. எஸ். ராமச்சந்திரன், இரு கண்களின் காட்சிகள் ஒன்றாகி ஆழம் தோன்றுவது எப்படி என்று ஆராய்ந்தார். 1970-களின் தொடக்கத்தில், மாணவப் பருவத்திலேயே, 'நேச்சர்' பத்திரிகையில் எழுதினார். கேம்பிரிட்ஜும் கலிபோர்னியாவும் அதற்குப் பிறகுதான்.